வெயில், கொசு, புகைமூட்டம், தண்ணீர் நோட்டீஸ்: நம் புளோக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் புளோக்கின் வசிப்போர் குழுவில் நான் தொண்டூழியர். சனிக்கிழமை மாலை கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், மே தொடங்கி செப்டம்பர் வரை வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், கேட்கிற ஆட்கள்தான் மாறுவார்கள். லிஃப்ட் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், படித்தும் இருப்பார்கள், ஆனால் "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களுக்காக எழுதியது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர்ல ஏது கோடை? வருஷம் முழுக்க வெயில்தானே?

உண்மைதான், ஊரில் இருப்பதுபோல் அக்னி நட்சத்திரம் என்று தனியாக இங்கே ஒன்று இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு பருவமழைக்கும் நடுவே காற்று அடங்கிப் போய், வெப்பம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தீவில் இதுவரை பதிவான அதிக வெப்பம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் இன்னொரு முறை. இரண்டுமே இந்த மாதங்கள்தான்.

அப்புறம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டெங்கி ஏறுவது, புகைமூட்டம் வருவது, பிள்ளைகள் ஜூன் விடுமுறையில் வீட்டில் இருப்பது, ஜூலையில் கட்டணத் தள்ளுபடி, ஆகஸ்ட்டில் தேசிய தினம் எல்லாம் இந்த நான்கைந்து மாதத்துக்குள்தான். அதனால்தான் கேள்விகளும் இப்போதுதான் குவிகின்றன.

புளோக்ல எது கெட்டுப் போனாலும் வீவகவுக்குத்தானே (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சொல்லணும்?

இல்லை. உங்கள் வீட்டு வாசற்படியை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கு வெளியே இருக்கும் நடைபாதை, விளக்கு, லிஃப்ட், மாடிப்படி, கீழ்த்தளம் எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தவை நகர மன்றங்கள், நாம் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. படிக்கு உள்ளே இருக்கும் குழாய், சுவிட்சு, கழிவறை, ஏர்கான் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு.

புளோக்கைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு. கொசு, பொது இடத்துக் குப்பை என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம். குடிநீர், சாக்கடை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். மரக்கிளை தொங்கினால் தேசியப் பூங்காக் கழகம். கடைச் சாப்பாட்டில் கோளாறு என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பு.

இவ்வளவையும் நான் எப்படிங்க ஞாபகம் வச்சிக்கிறது?

வேண்டியதில்லை. 'ஒன்சர்வீஸ்' என்ற செயலி 2015 முதல் இருக்கிறது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால் அது எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரும். செயலி இறக்கத் தெரியாதவர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகவும் அதனிடம் சொல்லலாம்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "விளக்கு எரியவில்லை" என்று மட்டும் எழுதினால் வருபவர் எந்த விளக்கு என்று தேடுவார். பகலில் வந்தால் எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும், கோளாறு இல்லை என்று எழுதிவிட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு. "8வது மாடி, பி லிஃப்ட்டுக்கு எதிரே இரண்டாவது விளக்கு, இரவு 8 மணிக்கு மேல் மினுக்குகிறது" என்று எழுதுங்கள், ஆள் நேரே அங்கே வந்து நிற்பார். அனுப்பியதும் ஒரு எண் வரும். அதைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், கடைசிக் கேள்வியில் அது தேவைப்படும்.

லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாலும், ராத்திரி 2 மணிக்குத் தண்ணி நின்னு போனாலும் செயலியிலதான் போடணுமா?

கூடாது, அது அவசரத்துக்கான வழி இல்லை. ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண் உண்டு. லிஃப்ட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள், இருக்கும். இன்றைக்கே கீழே இறங்கும்போது அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் தேடும் விஷயம் இல்லை அது. லிஃப்ட்டுக்குள் மாட்டினால் அவசர மணியை அழுத்திவிட்டுக் காத்திருங்கள், கதவைக் கையால் பிளக்கப் பார்க்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 995. அவசரம் இல்லாத நோயாளிக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1777. இந்த இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள், வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள். பகலில் பெரியவர்களோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்தான்.

தண்ணீர்த் தொட்டி சுத்தம் பண்றாங்களாம், நோட்டீஸ் ஒட்டியிருக்கு. எவ்வளவு பிடிச்சு வைக்கணும்?

நோட்டீஸில் போட்டிருக்கும் மணி நேரத்துக்குச் சமையலுக்கும் கழிவறைக்கும் போதுமான அளவு. வீட்டில் இருக்கும் அண்டா குண்டா எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். மூடி போட்ட வாளியில் பிடியுங்கள். திரும்ப வந்ததும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளியும் வரை கொஞ்சம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தை அன்றைக்கே செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நாங்க இருக்கிறது 12வது மாடி. அங்கேயெல்லாமா கொசு வரும்?

வரும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மோடு லிஃப்ட்டிலேயே ஏறி வரும், வந்த இடத்திலேயே முட்டையும் போடும். அதற்குச் சாக்கடை தேவையில்லை, வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். 20 காசு அளவு தேங்கினாலே போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம்தான் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் வேகம். 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது.

என் அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சுத்தத்துக்குப் பேர்போன வீடு அது. சோதனைக்கு வந்தவர் சமையலறை ஜன்னலைத் திறந்து, துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகுகிற குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். முதலில் தூசி மாதிரிதான் தெரிந்தது. தட்டை லேசாக ஆட்டியதும் அந்தத் தூசி நெளிந்தது. அம்மா அந்தக் கழியை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, மழை பெய்யும்போதெல்லாம் குழாய் நிரம்பியிருக்கிறது. பயன்படுத்தாத குழாய்களுக்கு மூடி போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

நம் வீடுகளுக்கென்றே இன்னும் சில இடங்கள் உண்டு. வாசலில் உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவோம், பூவை மாற்றுவோம், தண்ணீரை மாற்றமாட்டோம். துளசித் தொட்டியின் அடித்தட்டு. சாமி மேடைக்குப் பக்கத்துப் பூச்சாடி. பாத்திரம் கவிழ்க்கும் தாங்கியின் கீழ்த்தட்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும், முட்டை ஒட்டிக்கொண்டு இருப்பது அங்கேதான். செடி மண் இறுகிப் போயிருந்தால் கிளறிவிடுங்கள், மேலேயே தண்ணீர் நிற்கும்.

மஞ்சள் பதாகை, சிவப்புப் பதாகை ரெண்டும் மாட்டுறாங்களே, என்ன வித்தியாசம்?

அந்த வட்டாரத்தில் டெங்கி பாதித்தவர்கள் 10க்கும் குறைவு என்றால் மஞ்சள், 10 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொசு விரட்டி தடவி அனுப்புங்கள். காய்ச்சல் வந்தால் மருந்தகத்தில் "எங்கள் புளோக்கில் சிவப்புப் பதாகை இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுற்றுப்புற வாரியத்திலிருந்து வரோம்னு கதவைத் தட்டினா திறக்கலாமா? மோசடிக்காரனா இருந்தா?

முதலில் கம்பிக் கதவைத் திறக்காமலேயே அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதிகாரி கோபித்துக்கொள்ளமாட்டார், அட்டை காட்டுவது அவர் வேலையில் ஒரு பகுதி. சந்தேகம் என்றால் வாரியத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள், வந்தவர் தரும் எண்ணை அல்ல. வாசலில் நின்று ரொக்கமாக அபராதம் கேட்டாலோ, வங்கி விவரம் கேட்டாலோ அவர் அதிகாரியே இல்லை.

ஆனால் உண்மையான அதிகாரியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கவும் முடியாது. சோதிக்க அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. வீட்டில் கொசுப் புழு இருந்தால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்கும்.

கொசுவை ஒழிங்கன்னு சொல்லிட்டு அவங்களே கொசுவைக் கொண்டுவந்து விடுறாங்களே, இது என்ன நியாயம்?

கோபமாகவே இதைக் கேட்பவர்கள் அதிகம். 2016இல் தொடங்கிய வொல்பாக்கியா திட்டம் இது. விடுவது ஆண் கொசுக்களை மட்டும். ஆண் கொசு கடிக்காது, செடியின் சாற்றைக் குடித்து வாழ்வது அது. அதன் உடம்பில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும். அப்படிப்பட்ட ஆண் கொசு நம் ஊர்ப் பெண் ஏடிஸோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிக்காது, தலைமுறை குறைந்துகொண்டே வரும்.

விடும் நாட்களில் நடைபாதையில் கொசு கூடுதலாகத் தெரியும். அடித்துக் கொன்றாலும் தப்பில்லை. ஆனால் "அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களே" என்று மேலே சொன்ன உருளியையும் தட்டையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் புழு பெருகினால் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும்.

தாத்தா சாயங்காலம் 4 மணிக்கே கீழே நடக்கப் போறார். 32 டிகிரிதானே, ஒண்ணும் ஆகாதுங்கிறார்?

32 டிகிரி என்ற எண் மட்டும் போதாது. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால்தான் 2023 ஜூலை முதல் வெப்பத்தோடு ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவை வெளியிடுகிறார்கள். மைஇஎன்வி செயலியில் பார்க்கலாம். 31க்குக் கீழே என்றால் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்று காட்டினால் தாத்தா 6 மணிக்கு மேல் நடக்கட்டும்.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டே 995ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புகைமூட்டத்துக்கு பிஎஸ்ஐ பாக்கிறதா, பிஎம் 2.5 பாக்கிறதா?

பிஎஸ்ஐ காற்றுத் தூய்மைக்கேட்டின் குறியீடு, பிஎம் 2.5 காற்றில் உள்ள நுண்துகளின் அளவு, இரண்டும் வேறு வேலைக்கு. 24 மணி நேர பிஎஸ்ஐ நாளைக்கு என்ன செய்யலாம் என்று திட்டம் போட. 1 மணி நேர பிஎம் 2.5 இப்போது வெளியே போகலாமா என்று முடிவெடுக்க. பிஎம் 2.5 55 வரை வழக்கமான அளவு, அதற்கு மேல் ஏறினால் ஓட்டப் பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள். பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200ஐத் தாண்டினால் மிக மோசம், 300க்கு மேல் அபாயம். 2013 ஜூன் 21 அன்று 3 மணி நேர பிஎஸ்ஐ 401ஐத் தொட்டதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள், எதிர் புளோக் தெரியவில்லை.

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் 100ஐத் தாண்டியதுமே கவனமாக இருக்க வேண்டும். சாதாரண மருத்துவ முகக்கவசம் இந்த நுண்துகளைச் சரியாகத் தடுக்காது, என்95தான் தடுக்கும். சாம்பிராணியையும் அந்த நாட்களில் நிறுத்தி வையுங்கள், ஜன்னலை மூடிய வீட்டுக்குள் அந்தப் புகை எங்கேயும் போகாது.

ஆடி அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிறது குற்றமா? எங்க அப்பாவுக்கு வைக்கிற சோறுங்க அது.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஓர் அம்மா கண் கலங்கிவிட்டார், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆமாம், சட்டப்படி குற்றம்தான். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் புறா, காகம் உட்பட எந்தக் காட்டு உயிருக்கும் உணவு வைக்கக்கூடாது. முதல் முறை என்றாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். மிச்சச் சோறு எலியை இழுக்கும், காகம் கூடு கட்டும் காலத்தில் போகிறவர் வருகிறவர் தலையில் கொத்தும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு.

எங்கள் புளோக்கில் சில குடும்பங்கள், படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, அந்தச் சோற்றை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான். ஜன்னல் விளிம்பில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்ட நிறைவு அதில் முழுதாக வருவதில்லை, அதை நான் மறுக்கமாட்டேன்.

வாசல்ல துளசிச் செடி, செருப்பு அலமாரி வைக்கலாமா? எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு.

நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் வழி இருக்க வேண்டும், தீ நேரத்தில் ஆட்கள் ஓடவும் தூக்குப்படுக்கை போகவும். டேப் எடுத்து அளந்து பாருங்கள், அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அளப்பது நல்லது. பழைய மெத்தை, சோபாவை அங்கே சாய்த்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. பெரிய சாமான்களை நகர மன்றங்கள் மாதத்துக்குச் சில என்ற கணக்கில் இலவசமாகவே எடுத்துப் போகின்றன, கூப்பிட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். துளசியின் அடித்தட்டு பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

மேல் வீட்டிலிருந்து எங்க கழிவறைக் கூரையில ஒழுகுது. அவங்கதானே முழுசாச் செலவு பண்ணணும்?

வாசற்படிக் கோடு சிக்கலாகிற இடம் இது. நடுவில் இருக்கும் தளத்துக்கு மேல் வீடு, கீழ் வீடு இரண்டும் சேர்ந்தே பொறுப்பு. வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை இரண்டு வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு கொடுக்க வேண்டும். சண்டையோடு போகாமல் ஒழுகும் இடத்தின் படத்தோடு மேலே போய்ப் பேசுங்கள். பல வீடுகளில் மேலே இருப்பவருக்குக் கீழே ஒழுகுவது தெரிந்தே இருக்காது.

பக்கத்து வீட்டு சிகரெட் புகை ஜன்னல் வழியா வருது, ராத்திரி சத்தம் வேற. யார்கிட்ட சொல்றது?

நடைபாதை, மாடிப்படி, கீழ்த்தளம் இங்கெல்லாம் புகைபிடிப்பது குற்றம், ஒன்சர்வீஸில் சொல்லலாம். தன் வீட்டுக்குள் ஜன்னலோரம் பிடிப்பது குற்றமாகாது, அங்கே பேச்சுதான் வழி. சத்தத்துக்கு இரவில் அமைதி நேரம் என்று ஒன்று உண்டு. பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் சமூக சமரச நிலையம், அதற்கும் மேல் 2015 முதல் இருக்கும் சமூகப் பூசல் தீர்ப்பாயம். நான் பார்த்தவரை, முதல் பேச்சைப் பகலில், கோபம் இல்லாத நாளில் வைத்துக்கொண்டவர்களுக்கு மேலே போக வேண்டி வரவில்லை.

ஜூலையில ஏதோ பணம் வருதாமே, இணைப்பைத் தட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்திருக்கு?

தட்டாதீர்கள். தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு யூ-சேவ் என்ற தண்ணீர், மின்சாரக் கட்டணத் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் கட்டணச் சீட்டிலேயே கழிந்துவிடும், விண்ணப்பமே கிடையாது. ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு ரொக்கம் ஆகஸ்ட்டில் வரும். சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டுகளை மட்டும் குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும், கைப்பேசி கைவராதவர்களுக்குச் சமூக மன்றத்தில் உதவுவார்கள்.

2024 ஜூலை முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 'கவ் டாட் எஸ்ஜி' என்ற ஒரே பெயரில் வருகின்றன. எந்த அதிகாரியும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லமாட்டார். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள், 24 மணி நேரமும் உண்டு.

நான் வேலை அனுமதியில, வாடகை அறையில இருக்கேன். நானெல்லாம் புகார் கொடுக்கலாமா?

தாராளமாக. லிஃப்ட் உங்களுக்கும்தான் நிற்கிறது. முந்தைய பதிலில் சொன்ன தள்ளுபடிகளும் பற்றுச்சீட்டுகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள் உள்ள குடும்பங்களுக்கானவை, மற்றபடி ஒன்சர்வீஸ், அவசர எண் எல்லாம் யாருக்கும் பொது. அறைக்குள் இருக்கும் பழுதை மட்டும் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், எழுத்தில்.

தேசிய தினத்துக்குக் கட்டின கொடியை எப்ப எடுக்கணும்?

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை வீட்டில் பறக்கவிடலாம். கிழிந்த கொடியைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், அப்படியே குப்பையில் எறியக்கூடாது.

மூணு தடவை சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கலை. இனி என்ன பண்ண?

மூன்று முறையும் புதிதாக எழுதினீர்களா, பழைய எண்ணைச் சொல்லித் தொடர்ந்தீர்களா என்று முதலில் பாருங்கள். புதிதாக எழுதினால் ஒவ்வொன்றும் முதல் புகாராகவே தெரியலாம். எண், தேதி, படம் மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். நடக்கும் நாளும் இடமும் தொகுதிக்குத் தொகுதி வேறு, சமூக மன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். பதிவு செய்யும் மேசையில் தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

தாள் எழுத உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை 5 மணிக்கு மேல் கீழ்த்தளத்துக்கு வாங்க. கைப்பேசியில் உள்ள படங்களை அழிக்காமல் கொண்டு வாங்க, மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.